அம்மா குரலுக்கு ஹெடர் தேடிய நாட்கள்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரைத் தகரம் வரைக்கும் போகாது. கட்டியவர்களுக்குக் கல் போதவில்லையோ மனசு போதவில்லையோ, மேலே ஒரு முழம் விட்டுவிட்டார்கள். அந்த இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டுக் கருவாட்டு வாசனை வரும், அடுப்புப் புகை வரும், மழைக்காலத்தில் மேகமும் நுழைந்து அந்தப் பக்கம் போகும். அந்திப் பொழுதில் பேச்சு வரும். இந்தப் பக்க அடுப்படியில் அம்மா, அந்தப் பக்க அடுப்படியில் சின்னம்மா. பகல் முழுக்க ஒரே மலையில் ஒரே நிரையில் கொழுந்து பறித்துக்கொண்டு பேசியது போதாதென்று, வந்து சுவருக்கு மேலே பேசுவார்கள். நான் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே தூங்கிப்போய் வளர்ந்தவள்.

சின்னம்மா எங்களுக்குச் சொந்தம் இல்லை. பக்கத்துக் காம்பராவில் இருந்ததால் சின்னம்மா ஆனாள், அவ்வளவுதான். புருஷன் போன பிறகு தனியாக இருந்தாள். ஒரே மகன் நோட்டன் பிரிட்ஜில் வேலை, குடும்பமும் அங்கேதான்.

இரண்டு பேரும் வேலையிலிருந்து நின்ற பிறகு, அம்மாவின் தொண்டையில் கட்டி வந்தது. கண்டிக்குக் கூட்டிப்போய் ஆபரேஷன் செய்தார்கள். உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. கழுத்தில் ஒரு சின்ன ஓட்டை, அதை மூட ஒரு வெள்ளைத் துணி, அதற்குள்ளிருந்து மூச்சுச் சத்தம். அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அதே வருஷம் சின்னம்மாவுக்குச் சர்க்கரை வியாதியில் இரண்டு கண்ணும் போனது. முதலில் ஓரமாக இருட்டிக்கொண்டு வந்தது, பிறகு முழுசாக. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. யார்மேல் என்று தெரியாத கோபம். ஒருத்திக்குப் பேச்சில்லாமல் போனால் கையைக் காட்டிப் பேசிக்கொள்ளலாம். ஒருத்திக்குக் கண் போனால் பேச்சுத்துணையோடு காலத்தை ஓட்டலாம். இந்த இரண்டு பேருக்கும் பார்த்துப் பார்த்துப் பிரித்துக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது.

ஆரம்பத்தில் அம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வாள். சின்னம்மா பேசுவாள். ஆமாம் என்றால் அம்மா உள்ளங்கையில் ஒரு தட்டு, இல்லையென்றால் இரண்டு தட்டு. ஒருநாள் சின்னம்மா கையை உதறிவிட்டு அழுதாள். "நானே பேசி நானே கேட்டுக்கிட்டு, பைத்தியக்காரி மாதிரி இருக்குடி. ஏதாச்சும் ஒரு வார்த்த சொல்லேன்." அம்மா எழுந்து வந்துவிட்டாள். அதற்குப் பிறகு போகவில்லை. சுவர் மட்டும் இருந்தது. அந்தியில் இரண்டு பக்கமும் பாத்திரச் சத்தம் கேட்கும், வேறெதுவும் கேட்காது. அந்த அமைதியில் எனக்குச் சாப்பாடு இறங்காது.

இந்தக் காலத்தில் போனே பேசுமே என்று நீங்கள் நினைக்கலாம். நானும் நினைத்தேன். நான் ஹட்டனில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறவள், இதுகூடத் தெரியாதா. அம்மாவின் போனில் தமிழ் படித்துக்காட்டும் குரலைப் போட்டுக் கொடுத்தேன். அம்மா எழுத்துக் கூட்டித் தட்டினாள். போனிலிருந்து ஒரு பெண் நல்ல சுத்தமான தமிழில், "சாப்பிட்டாயா?" என்று கேட்டாள்.

 சுவருக்கு அந்தப் பக்கமிருந்து சின்னம்மா கேட்டாள். "யாருடி இவ?"

"அம்மாதான் சின்னம்மா கேக்குறாங்க. போன் வழியா," என்றேன் நான்.

"உங்கம்மா கொரல் எனக்குத் தெரியாதா? செய்தி வாசிக்கிறவ மாதிரி இருக்கா. அவள நிறுத்தச் சொல்லு. அவகூடப் பேச எனக்கு ஒண்ணும் இல்ல."

அம்மா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கீரை ஆயப் போனாள். அந்த வாரம்தான் சின்னம்மாவின் மகன் வந்து, மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை வேன் பிடித்து அவளைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். சின்னம்மாவும் தலையாட்டிவிட்டாள். "இங்க இருந்து என்னா பண்ண? பேசக்கூட ஆளில்ல," என்று அவள் சொன்னது சுவருக்கு மேலே எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. அம்மாவின் கை கீரையில் நின்றுபோனதை நான் பார்த்தேன்.

அம்மாவின் குரல் என்னிடம் இருந்தது. அதைச் சொல்ல மறந்துவிட்டேன்.

படிக்கிற காலத்தில் கடைசி வருஷப் புராஜெக்ட்டுக்காக, எழுதிய தமிழைப் பேசிக் காட்டும் ஒரு புரோகிராமை சி மொழியில் செய்தேன். பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒவ்வொரு எழுத்தையும் ஒரு ஆளைச் சொல்லவைத்துப் பதிந்துகொள்வது. சொல்லைப் பிரித்து அந்த ஒலிகளை அடுத்தடுத்துப் போடுவது. கூட்டாளிகள் குரல் கொடுக்க வெட்கப்பட்டார்கள். லீவுக்கு வந்து அம்மாவைப் பிடித்தேன். தகரத்தில் மழை விழும்போது பதிய முடியாது; எங்கள் பக்கம் மழை விழாத நேரத்தைப் பிடிப்பது பெரும்பாடு. கிடைத்த நேரத்தில், எதிரொலி வராமலிருக்க இரண்டு பேரும் தலையோடு கம்பளியை மூடிக்கொண்டோம். உள்ளே கதகதப்பாக, அம்மாவின் மூச்சில் சம்பல் வாசனையாக இருந்தது. க, கா, கி, கீ என்று அம்மா சொல்லிக்கொண்டே போனாள். சுவருக்கு மேலிருந்து சின்னம்மா, "என்னாடி, ஒண்ணாம் வகுப்புல சேரப் போறியா?" என்றாள். அம்மா கம்பளிக்குள்ளிருந்தே, "போடி," என்றாள். அந்தப் 'போடி'யும் பதிவாகிவிட்டது. அழிக்க மனசு வரவில்லை. அது நன்றாக இருந்ததால், அன்றாடம் அம்மா வாயில் வரும் சில சொற்களை முழுசாகவும் பதிந்துகொண்டோம். அம்மாவுக்கு 'ழ' வராது. வாழைப்பழம் அவளுக்கு வாளப்பளம்தான். பார்த்த பரீட்சகர் அதை ஒரு குறையாகச் சொன்னார். நான் சரி சேர் என்று சொல்லிவிட்டுத் திருத்தாமல் விட்டேன்.

அந்தப் புரோகிராம் ஓடிய பழைய கம்ப்யூட்டர் ஒரு இடி மழையில் கருகிப்போனது. எழுதிய சி கோப்புகளும் ஒலிகளும் ஒரு பென்டிரைவில் மிஞ்சின. ஆனால் அது விண்டோசுக்காக எழுதியது. அம்மாவின் கையில் இருப்பது போன். போனுக்குள்ளே ஓடுவது வேறு உலகம். அதிலேயே சி எழுதி ஓட்டுவதற்கு வசதி இருக்கிறது என்று தெரிந்து, ஒரு சனிக்கிழமை வாசல்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அதில் போட்டு ஓட்டிப் பார்த்தேன். முதல் வரியிலேயே நின்றது. windows.h என்ற கோப்பு இங்கே இல்லை என்றது.

இந்த மாதிரிக் கோப்புகளை ஹெடர் என்போம். காலையில் வேலைக்கு ஆட்களைக் கூட்டி நிறுத்தும் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவது போன்றது அது. இன்ன பெயரில் இன்ன வேலைக்கு ஒரு ஆள் உண்டு, அவரிடம் இதைக் கொடுத்தால் இதைச் செய்வார் என்று சொல்லும். ஆள் அதற்குள் இருக்கமாட்டார். வேறெங்கோ மலையில் நிற்பார். என் புரோகிராம், ஒலியைப் போடவும், ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே கொஞ்சம் பொறுக்கவும் windows.h-ஐ நம்பியிருந்தது. எந்த எழுத்தைத் தட்டினார்கள் என்று பார்க்க conio.h. இரண்டுமே போனில் கிடையாது.

லயத்தில் வளர்ந்த புத்தி எனக்கு. ஒன்று இல்லையென்றால் அடுத்த காம்பராவில் வாங்கிக்கொள்வதுதான் எங்கள் பழக்கம். உப்பில்லையா, பக்கத்து வீடு. விருந்தாளி வந்தால் உட்காரக் கதிரை, அதுவும் பக்கத்து வீடு. ஆகவே திங்கட்கிழமை வகுப்பிலிருந்த விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து windows.h-ஐ எடுத்துக்கொண்டு வந்து போனில் வைத்தேன். அது தனக்கு இன்னொரு ஹெடர் வேண்டும் என்றது. செவ்வாய்க்கிழமை அதையும் கொண்டுவந்தேன். அது இன்னும் மூன்றைக் கேட்டது. அந்த மூன்றும் ஆளுக்கு நாலைக் கேட்டன. விருந்தாளிக்குக் கதிரை கேட்கப் போனவள் அந்த வீட்டுச் சனத்தையே கூட்டிவந்த கதையாகிவிட்டது.

அந்த நாட்களில் பஸ்ஸில் கண்ணை மூடினால் ஹெடர்களின் பெயர்கள்தான் வரும். ஹட்டனிலிருந்து வரும் பாதையில் மேகம் இறங்கி, தேயிலை மலை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் வெள்ளையாக இருக்கும். வெள்ளைக்குள்ளிருந்து ஒரு நிரை செடி வரும், மறையும். அடுத்த நிரை வரும். ஒவ்வொரு நிரைக்குப் பின்னும் இன்னொன்று இருக்கிறது என்று தெரியும், ஆனால் கடைசி நிரை எது என்று தெரியாது. எனக்குப் பயமாகக்கூட இல்லை. தூக்கத்தில் படியிறங்குவதுபோல் இறங்கிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட, கண்டக்டர் சிங்களத்தில் திட்டி இறக்கிவிட்டார்.

கடைசியில் எல்லா ஹெடரையும் கொண்டுவந்து சேர்த்த அன்று, இல்லை என்ற புகார் நின்று, வந்தவையெல்லாம் ஒன்றோடொன்று சண்டை பிடிக்கத் தொடங்கின. திரை முழுக்கப் பிழை. போனை மூடி வைத்துவிட்டு ஒரு பிளேன்டீ ஊற்றிக் குடித்தேன். பிறகு கடன் வாங்கிய அத்தனையையும் அழித்தேன்.

அடுத்தநாள் வேறொரு குறுக்குவழி தோன்றியது. ஹெடர் வெறும் பெயர் கூப்பிடுவதுதானே, நானே கூப்பிட்டால் என்ன? எனக்குத் தேவையான வேலைகளின் பெயர்களை மட்டும் என் கையாலேயே ஒரு சின்ன ஹெடரில் எழுதி வைத்தேன். போன் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. "அம்மா, வந்துட்டு!" என்று கத்தினேன். அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து பக்கத்தில் நின்றாள். கடைசிக் கட்டத்தில், எல்லாத் துண்டையும் ஒன்றாகக் கோக்கும் இடத்தில், போன் சொன்னது: இந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை. பெயர் கூப்பிட்டாகிவிட்டது, ஆள் வரவில்லை. எப்படி வருவார்? அவர் வேறு தோட்டத்து ஆள்.

அம்மா என் முகத்தைப் பார்த்தாள். என் தலையில் ஈரக்கையை ஒருமுறை வைத்துவிட்டுப் போனாள். நான் அழுதேன். அம்மாவிடம் கத்திக் கூப்பிட்டு ஆசை காட்டியிருக்கக்கூடாது. வேன் வரும் ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அதற்குப் பிறகுதான் ஒழுங்காக யோசித்தேன். அந்தப் பக்கத்துப் பெயரை இங்கே கொண்டுவருவதில் பிரயோசனமில்லை. அந்த வேலையை இங்கே யார் செய்கிறார் என்று கேட்க வேண்டும். போனுக்குள் ஹெடர்கள் இருக்கும் கோப்புறையைத் திறந்தேன். அங்கே நூற்றுக்கணக்கில் அமைதியாக இருந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து படித்தேன். பெரும்பாலானவற்றில் எனக்கு வேலையில்லை, ஆனாலும் படித்தேன். நட்சத்திரங்களை அளப்பவர்களுக்கான கணக்குகளும், உலகத்தின் ஊர்களுக்கெல்லாம் நேரம் சொல்கிற ஏற்பாடுகளும், ஏதோ ஒரு நாட்டில் ஏதோ ஒருவர் எழுதி வைத்த சின்னச் சின்னக் குறிப்புகளும் அதற்குள் இருந்தன. எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து, அவரை நான் எப்போதுமே பார்க்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டே, அவர் வார்த்தைகளை வாசித்தேன். அது ஒரு சுகமாகத்தான் இருந்தது. ஒலி போடுகிற ஆள் ஒரு கோப்புறைக்குள் கோப்புறையில் கிடைத்தார். தட்டும் எழுத்தைப் பார்க்கிறவர் termios.h-இல். பொறுத்திருக்கிற ஆள் unistd.h-இல். எழுத்துகளின் குறியீடு மாறிப்போயிருந்தது தனிக்கதை. அதுவும் ஒருவழியாகச் சரிவந்தது.

வியாழக்கிழமை வகுப்புக்கு லீவு போட்டேன். சின்னம்மாவை மகன் வந்து கிளினிக்குக்குக் கூட்டிப்போயிருந்தார். பக்கத்துக் காம்பரா பூட்டிக்கிடந்தது. மத்தியானம், தூறல். புரோகிராம் தடங்கலில்லாமல் கோத்துக்கொண்டது. இந்த முறை நான் அம்மாவைக் கூப்பிடவில்லை. அம்மா வாசலோரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். 'வாங்க' என்று தட்டினேன்.

"வா," என்றது போன்.

அம்மாவின் குரல். கம்பளிக்குள் கேட்ட அதே குரல், ஒரு துளி கரகரப்பில்லாமல். அம்மாவின் முறம் நின்றது. அவள் என்னைப் பார்க்கவில்லை; வாசலுக்கு வெளியே பார்த்தாள், அங்கிருந்து யாரோ கூப்பிட்டதுபோல்.

அவ்வளவுதான். அடுத்த ஒலி வரவில்லை. போன் செத்துவிட்டது என்று நினைத்தேன். எதைத் தப்பாகச் செய்தேன் என்று தேடக்கூட மனசில்லாமல் உட்கார்ந்திருந்தேன். வெளியே மேகம் கீழிருந்து ஏறி, முன்னாலிருந்த லயத்தை மூடிக்கொண்டு வந்தது. அப்போது போன், "ங்," என்றது. மறுபடி அமைதி. லயம் முழுசாக மறைந்த பிறகு, "க."

எனக்கு விஷயம் விளங்கியதும் சிரிப்பு வந்துவிட்டது. ஒலிக்கும் ஒலிக்கும் நடுவே அறுபது அளவு பொறு என்று எழுதியிருந்தேன். விண்டோசில் அந்த வேலைக்கு இருப்பவருக்கு அறுபது என்றால் கண்ணிமைப்பதைவிடக் குறைந்த நேரம். அவர் கணக்கு வினாடியை ஆயிரமாக உடைத்தது. இங்கே இருப்பவர் முழு வினாடியில் எண்ணுகிறவர். அறுபது என்று சொன்னால் மரியாதையாக ஒரு நிமிஷம் படுத்துத் தூங்கிவிட்டு எழுந்து வருவார்.

திருத்துவது ஒரு வரி வேலை. போனை எடுத்தேன். அம்மா கையை நீட்டி, இரு என்று காட்டினாள். வந்து பக்கத்தில் உட்கார்ந்து போனை வாங்கி, மெதுவாக ஏதோ தட்டினாள். என்னிடம் காட்டவில்லை. அவளுடைய ஒவ்வொரு ஒலியும் ஒரு நிமிஷத்துக்கு ஒன்றாக வந்தது. ஒன்று வரும். மேகம் வாசல்வரை வரும். தூறல் நிற்கும். இன்னொன்று வரும். நாங்கள் இரண்டு பேரும் அசையாமல் உட்கார்ந்து கேட்டோம். எழுத்தும் எழுத்தும் அவ்வளவு தூரத்தில் இருந்ததால் அது என்ன சொல் என்று என்னால் சேர்த்துப் பார்க்க முடியவில்லை, சேர்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. இடையிலிருந்த நிமிஷங்களில் அம்மாவின் கழுத்துத் துணி ஏறி இறங்கும் சத்தம் கேட்டது. பழைய அம்மாவும் இப்போதைய அம்மாவும் முறை வைத்துக்கொண்டு மூச்சு விடுவதுபோல் இருந்தது. அந்த மத்தியானத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.

சொல்லி முடித்த பிறகு அம்மா போனை என்னிடம் கொடுத்துத் தலையாட்டினாள். பொறுத்திருக்கிற ஆளை மாற்றினேன். வினாடியைப் பொடிப்பொடியாக எண்ணுகிற இன்னொருவர் அதே ஹெடரில்தான் இருந்தார். அந்தியாவதற்குள் குரல் ஓடத் தொடங்கியது. வெட்டிவெட்டித்தான் பேசும். கேள்வியா கோபமா என்று தெரியாது. ஆனால் அம்மா.

சின்னம்மாவை மகன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன சத்தம் கேட்டது. பின்னால் பானை நகரும் சத்தம், விறகு முறியும் சத்தம். கண் இல்லாமலே அடுப்பு மூட்டப் பழகியிருந்தாள். அம்மா கையைக் கழுவி, சேலையில் துடைத்து, எங்கள் அடுப்படிக்குள் போய்ச் சுவரோரம் நின்றாள். நான் கதவருகில் நின்றேன். அம்மா தட்டினாள்.

"என்னாடி பண்ற?"

அந்தப் பக்கம் எல்லாச் சத்தமும் நின்றது.

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் இன்னொரு தரம் என்று கையைக் காட்டினேன். அவள் அதையே மறுபடி தட்டினாள். குரல் சுவருக்கு மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. சின்னம்மா எழுந்து, தடவித் தடவிச் சுவருக்குக் கிட்ட வருவது கேட்டது. செய்தி வாசிக்கிறவளைக் கேட்டபோது வந்த குரலில்லை இப்போது வந்தது.

"எங்கடி போயிருந்த இத்தன நாளா?"

அம்மா தப்பான எழுத்தைத் தட்டி அழித்து, மறுபடி தட்டினாள். அந்தப் பக்கம் சின்னம்மா அவசரப்படுத்தவில்லை.

"இங்க தான் டி இருந் தேன்," என்றது போன்.

சுவருக்கு அப்பால் சின்னம்மா மூக்கை உறிஞ்சினாள். "ஞாயித்துக்கெழம மவன் வேன் கொண்டாரான். சாமானெல்லாம் கட்டியாச்சு."

அம்மா எழுத்தைத் தேடினாள். எனக்குப் போய் உதவி செய்ய வேண்டும் போலிருந்தது. போகவில்லை.

"போ கா த."

 எங்கள் அடுப்பில் சோறு கொதித்துப் பொங்கி நெருப்பில் வடிந்தது. இரண்டு பேரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு சின்னம்மா சொன்னாள்.

"அப்ப நிறுத்தாம பேசு."

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் அடுத்த எழுத்தைத் தேடினாள்.